ஜீ.எஸ்.ல இருந்து செக்ரட்டரி வரைக்கும்: அரசாங்க ஆபீஸ் எப்படி ஓடுது, வேலை நடக்கலன்னா யார கேக்கணும் – மலையக ஆக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்துல ஹட்டன்லயோ பண்டாரவளையிலயோ ஏதாவது ஒரு கொமினிகேஷன் கடையில கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, போம் நிரப்ப வர்ற நெறைய பேருக்கு அந்த போம் எந்த ஆபீசுக்கு போகுது, அங்க யாரு அத பாப்பாங்க, எத்தன நாள்ல பதில் வரணும்னு எதுவுமே தெரியாது. தெரியலங்கிறது அவங்க குத்தம் இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல. பள்ளிக்கூடத்துல குடியியல் பாடத்துல சட்டத்துறை நிறைவேற்றுத்துறை நீதித்துறைன்னு பாடமாக்கி எழுதுனோம், ஆனா ஒரு பைல் எந்த மேசையில போய் தூங்குது, அத எழுப்புறது எப்படின்னு அதுல கிடையாது.

நம்ம ஆக்கள் கேக்க பயப்படுறவங்கன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். கேக்குறாங்க, நல்லாவே கேக்குறாங்க, ஆனா தொரைகிட்ட (தோட்ட மேனேஜர்) கேக்குறாங்க, யூனியன் தலைவர்கிட்ட கேக்குறாங்க, எம்.பி. வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. இந்த மூணு பேர் கையிலயும் உங்க பைல் இல்ல. பைல் யார் மேசையில இருக்கு, அந்த மேசைக்காரருக்கு மேல யாரு, இந்த ரெண்டும் தெரிஞ்சிக்கிட்டா பாதி வேலை முடிஞ்சிது. அதத்தான் இங்க ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாசிங்க.

ஸ்டெப் 1: இது யாரோட வேலைன்னு முதல்ல பிரிங்க

டவுன்ல இருக்கவங்களுக்கு இந்த ஸ்டெப் பெருசா தேவைப்படாது, தோட்டத்துல இருக்கவங்களுக்கு இதுதான் எல்லாத்துலயும் முக்கியம். ஏன்னா தோட்டத்துல 100, 150 வருஷமா அரசாங்கம் நிக்க வேண்டிய எடத்துல தோட்ட ஆபீஸ்தான் நின்னுச்சு. லயம் (வரிசை வீடு), தண்ணி, டிஸ்பென்சரி, புள்ள மடுவம் (சின்னப் புள்ளைங்கள பாத்துக்குற எடம்), தபால், பொறந்தது செத்தது வரைக்கும் எல்லாம் தொரை கையால. ஐடென்டி காட் அப்ளிகேஷன்ல கூட தோட்டத்து ஆளா இருந்தா ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) எடத்துல தோட்ட சுப்ரின்டன்டன்ட் அத்தாட்சி போடலாம்னு வழக்கம் இருக்கு. அதனால தோட்ட ஆபீசும் அரசாங்கம் மாதிரியே நமக்கு பழகிப் போச்சு. ஆனா அது கம்பனி. 1972லயும் 1975லயும் காணி சீர்திருத்தத்துல தோட்டங்கள அரசாங்கம் எடுத்துச்சு, 1992ல இருந்து நிர்வாகத்த தனியார் பிராந்திய கம்பனிகளுக்கு குடுத்துருச்சு, காணி அரசாங்கத்தோடது, நடத்துறது கம்பனி.

இப்ப ரோட்டயே உதாரணத்துக்கு எடுங்க. உங்க லயத்துக்கு போற ரோடு குண்டும் குழியுமா கெடக்கு. யார கேக்குறது? அவிசாவளையில இருந்து ஹட்டன் வழியா நுவரெலியா போற ஏ7, பேராதெனியவுல இருந்து பதுளை பக்கம் போற ஏ5, இப்படி ஏ, பி கிளாஸ் ரோடெல்லாம் மத்திய அரசாங்கத்து வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு கீழ. சி, டி கிளாஸ் மாகாணத்துக்கு கீழ. ஊருக்குள்ள போற சின்ன ரோடு பிரதேச சபைக்கு. தோட்டத்துக்குள்ள போற ரோடு? அங்கதான் நம்ம ஆக்கள் காலங்காலமா மாட்டிக்கிட்டாங்க. 1987ஆம் வருஷத்து பிரதேச சபை சட்டத்துல 33ஆம் பிரிவ காட்டி தோட்டத்துக்குள்ள சபைக் காசு செலவழிக்க ஏலாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, ஓட்டு கேக்க மட்டும் தோட்டத்துக்குள்ள வந்தாங்க. 2018ல அந்த சட்டத்த திருத்துனாங்க, இப்ப சபை தோட்டத்துலயும் வேலை செய்யலாம். இன்னமும் "அது எஸ்டேட் ரோடுங்க, எங்களால முடியாது"ன்னு யாராவது சொன்னா, 2018 திருத்தத்துக்கு பொறகும் முடியாதான்னு எழுத்துல கேளுங்க, பதில் மாறும்.

அதே நேரத்துலதான் பெருசா இருந்த நுவரெலியா, அம்பகமுவ ரெண்டு பிரதேச சபையையும் பிரிச்சு நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட்னு ஆறாக்குனாங்க. உங்க தோட்டம் எந்த சபைன்னு பழைய நெனப்புல போகாம ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிர்றேன். பள்ளிக்கூடம்னா தேசிய பாடசாலை மட்டும் மத்திய கல்வி அமைச்சு, மத்ததெல்லாம் மாகாணம், அதாவது ஹட்டன் சோனல், நுவரெலியா சோனல் மாதிரி வலயக் கல்வி ஆபீசுக்கு போகணும், ஏ.ஜீ.ஏ. ஆபீசுக்கு (பிரதேச செயலகம்) போய் டீச்சர் இல்லன்னு சொன்னா அவங்க தலைய மட்டும்தான் ஆட்டுவாங்க. சின்ன ஆஸ்பத்திரி, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி ஆபீஸ்) எல்லாம் பெரும்பாலும் மாகாணம், கண்டி தேசிய ஆஸ்பத்திரி மாதிரி பெருசு மத்திய அமைச்சு. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு கட்டுப்படலன்னா அது தொரைகிட்ட கெஞ்சுற விஷயமே இல்ல, தொழில் திணைக்களத்து லேபர் ஆபீஸ்ல எழுத்துல முறைப்பாடு குடுக்கணும், கம்பனிக்கு மேல கேஸ் போடுற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. புள்ள மடுவம், தோட்டத்து வீடு விஷயத்துல வர்ற ட்ரஸ்ட்ங்கிறது (பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம்) கம்பனி, யூனியன், அரசாங்கம் மூணும் சேந்த அமைப்பு, தனி திணைக்களம் கெடையாது.

கம்பனி கதவுன்னு தெரிஞ்சா விட்டுட்டு வராதீங்க. ஒவ்வொரு கம்பனி வேலைக்கும் மேல அத பாக்க வேண்டிய ஒரு அரசாங்க ஆபீஸ் இருக்கும், சம்பளம் ஈ.பி.எப்.னா லேபர், சுகாதாரம்னா எம்.ஓ.எச்., காணின்னா பெருந்தோட்ட அமைச்சும் அதுக்கு கீழ இருக்க சபைகளும். அங்க போங்க.

ஸ்டெப் 2: ஏணிய தெரிஞ்சிக்கோங்க

நாடு 9 மாகாணம், 25 மாவட்டம். மாவட்டத்துக்கு கீழ பிரதேச செயலகம், நாடு முழுக்க 330க்கு மேல இருக்கு. அதுக்கும் கீழ கிராம உத்தியோகத்தர் பிரிவு, அது 14,000 சொச்சம்.

கீழ இருந்து பாத்தா முதல் ஆள் ஜீ.எஸ். 1963ல ஊர் தலைமைக்காரர் முறைய எடுத்துட்டு கிராம சேவகர்னு கொண்டு வந்தாங்க, பேரு பொறகு கிராம உத்தியோகத்தர்னு மாறுனாலும் நம்ம வாயில ஜீ.எஸ்.தான். வதிவிட சான்று, நற்சான்று, வாக்காளர் இடாப்பு போம் எல்லாம் இவர்கிட்ட. செவ்வாய், வியாழன், சனி காலையில ஆபீஸ்ல இருக்கது பொதுவான வழக்கம், மத்த நாள்ல களத்துல. முக்கியமா தெரிஞ்சிக்க வேண்டியது, ஜீ.எஸ். நெறைய விஷயத்துல உறுதிப்படுத்துற ஆள் மட்டும்தான், முடிவு எடுக்குற ஆள் இல்ல. அஸ்வெசும (அரசாங்க நிவாரணக் காசு) கெடைக்கலன்னு ஜீ.எஸ்.ஸோட சண்டை பிடிக்கிறாங்க பாருங்க, தெரிவு பண்றது நலன்புரி நன்மைகள் சபை, மேன்முறையீடு பிரதேச செயலகம் வழியா போகணும், ஜீ.எஸ்.ஸ திட்டி ஒண்ணும் வராது. நல்ல ஜீ.எஸ்.ஸும் இருக்காங்க, கடுப்படிக்கிறவங்களும் இருக்காங்க, ஆனா நாலஞ்சு தோட்டம் சேந்த ஒரு பிரிவ ஒத்த ஆளா பாக்குறவரு நெலமையையும் யோசிக்கணும்.

அடுத்தது பிரதேச செயலகம், நம்ம பெருசுங்க இன்னும் ஏ.ஜீ.ஏ. ஆபீஸ்னுதான் சொல்லுவாங்க. 1992ல 58ஆம் இலக்க சட்டத்தால கச்சேரியில (மாவட்ட செயலகத்துல) இருந்த நெறைய அதிகாரத்த பிரதேச செயலாளருக்கு மாத்துனாங்க, அதனால காணி, பிறப்பு இறப்பு விவாக பதிவு, ஜீ.எஸ். சான்றுக்கு மேலொப்பம், நிவாரணம்னு சாதாரண ஆளுக்கு தேவையான முக்காவாசி வேலை இங்கயே முடியணும். நோர்வூட், தலவாக்கலை மாதிரி எடங்கள்ல புது செயலகம், உப ஆபீஸ்னு வந்திருக்கு, பழைய எடத்துக்கு பஸ் ஏறி போறதுக்கு முன்னாடி உங்க பிரிவு இப்ப எங்க வருதுன்னு ஜீ.எஸ்.கிட்ட கேட்டுக்கோங்க.

அதுக்கு மேல மாவட்ட செயலகம், கச்சேரி. அங்க மாவட்ட செயலாளர், அதாவது ஜீ.ஏ. வெள்ளக்காரன் காலத்துல ஜீ.ஏ.ன்னா மாவட்டத்துக்கே ராஜா, இப்ப ஒருங்கிணைக்கிறதும் மேற்பார்வையும்தான் பெரிய வேலை. பிரதேச செயலாளரு பதில் சொல்லலன்னா அடுத்த கடிதம் இவருக்கு.

அதுக்கும் மேல அமைச்சு. அமைச்சுல மினிஸ்டர் ஒருத்தர் இருப்பார், செக்ரட்டரி ஒருத்தர் இருப்பார். பேப்பர்ல மினிஸ்டர் போட்டோதான் வரும், ஆனா திணைக்களங்கள மேற்பார்வை பண்றது, காசுக்கு கணக்கு சொல்றது எல்லாம் செக்ரட்டரி. செக்ரட்டரிய ஜனாதிபதி நியமிக்கிறார், அமைச்சரவை கலைஞ்சா அவர் பதவியும் போகும், அதனாலதான் ஆட்சி மாறுன உடனே செக்ரட்டரிமார் எல்லாம் மாறுறாங்க. அதுக்கு கீழ இருக்க பணிப்பாளர் நாயகம், ஆணையாளர் நாயகம் மாதிரி திணைக்களத் தலைவருங்கள அமைச்சரவை நியமிக்கும், அதுக்கும் கீழ இருக்கவங்க ஆட்சி மாறுனாலும் அப்படியே இருப்பாங்க. கேபினட் மினிஸ்டர் 30 பேருக்கு மேல போடக் கூடாதுன்னு அரசியலமைப்புல இருக்கு, ஆனா எந்த திணைக்களம் எந்த அமைச்சுக்குன்னு கெசட்ல மாத்திக்கிட்டே இருப்பாங்க. நம்ம விஷயத்துக்கான அமைச்சே எத்தன பேரு மாறிருச்சு, 2024 கடைசியில இருந்து பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சு. கடிதம் எழுத முன்னாடி இப்ப என்ன பேருன்னு பாத்துட்டு எழுதுங்க, இல்லன்னா அந்தக் கடிதம் அமைச்சு அமைச்சா சுத்தும்.

இந்த ஏணி ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு தெரிஞ்சாதான் முழுசா புரியும். ஒண்ணு எடத்த வச்சு போறது: ஜீ.எஸ்., பிரதேச செயலாளர், ஜீ.ஏ. இன்னொண்ணு துறைய வச்சு போறது. பிரதேச செயலகத்துக்குள்ள ஒரே கட்டடத்துல உக்காந்திருக்க பதிவாளர், பதிவாளர் நாயகம் திணைக்களத்து சட்டத்துல வேலை செய்றார், ஐடென்டி காட் பகுதி ஆட்பதிவு திணைக்களத்துக்கு வேலை செய்யுது. பிறப்பு சான்றுல பேர் பிழைன்னா பிரதேச செயலாளர் நெனச்சாலும் பேனா எடுத்து திருத்த ஏலாது, பதிவுச் சட்டப்படிதான் போகணும். "கட்டடம் ஒண்ணுதானே, ஏன் அலைய விடுறாங்க"ன்னு கோவம் வர்றது இங்கதான். கோவம் நியாயம், ஆனா எந்த ஏணின்னு தெரிஞ்சா அலைச்சல் கொறையும்.

மூணாவது ஏணியும் இருக்கு, மாகாணம். 1987ல அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்தோட வந்தது, தனியா ஆளுநர், பிரதம செயலாளர், தனி அரச சேவை ஆணைக்குழு. நுவரெலியா, கண்டி, மாத்தளை மத்திய மாகாணம், பதுளை ஊவா, இரத்தினபுரி கேகாலை சப்ரகமுவ. மத்திய மாகாண சபைக்கு 2013ல தேர்தல் நடந்ததோட சரி, காலம் முடிஞ்சும் தேர்தல் வைக்கல, ஆளுநரும் அதிகாரிகளும்தான் ஓட்டுறாங்க. நம்ம பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருக்க மட்டத்துல தெரிவு செஞ்ச ஆளே இல்லாம வருஷக்கணக்கா போகுதுன்னா யார்கிட்ட பொறுப்பு கேக்குறது?

ஸ்டெப் 3: மேசைக்கு பின்னால இருக்கவர் யாரு, எப்படி வந்தார்

2016 கணக்கெடுப்புல அரசாங்க துறையில வேலை செய்றவங்க 11 லட்சத்துக்கு மேல. இவ்ளோ பேரயும் மூணு அடுக்கா பாத்தீங்கன்னா லேசு. மேல நிர்வாக தரம், நாடளாவிய சேவைன்னு சொல்லுவாங்க: நிர்வாக சேவை, கணக்காளர் சேவை, திட்டமிடல் சேவை, பொறியியல் சேவை, கல்வி நிர்வாக சேவை, வெளிநாட்டு சேவை இப்படி. நடுவுல முகாமைத்துவ உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், ஜீ.எஸ். மாதிரி ஆக்கள். கீழ ஆபீஸ் உதவியாளர், ட்ரைவர் மாதிரி ஆக்கள்.

உங்க பைல் எப்படி நகருதுன்னா, கவுன்டர்ல குடுத்தத ஒரு சப்ஜெக்ட் கிளார்க் எடுப்பார், பைல் நம்பர் போடுவார், குறிப்பு எழுதுவார், நிர்வாக உத்தியோகத்தர் பாப்பார், பொறகு உதவி பிரதேச செயலாளர், தேவைன்னா பிரதேச செயலாளர். கையெழுத்து போடுறவர் மேல இருக்கார், ஆனா பைல் அவர் மேசைக்கு எப்ப போகுதுங்கிறது அந்த சப்ஜெக்ட் கிளார்க் கையில. அதனால "மாத்தயா லீவு, ஹெட்ட எண்டகோ"ன்னு (ஐயா லீவு, நாளைக்கு வாங்க) சொன்னா சும்மா திரும்பாம "பைல் நம்பர் என்னங்க, எந்த சப்ஜெக்ட், யாரு பாக்குறாங்க"ன்னு மூணும் கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. இத கேட்டாலே உங்கள பாக்குற பார்வை மாறும், இது என் அனுபவம்.

இப்ப இவங்கள யாரு வேலைக்கு எடுக்குறது? அரச சேவை ஆணைக்குழு. 9 பேர், அரசியலமைப்பு பேரவை சிபாரிசுல ஜனாதிபதி நியமிப்பார், 3 வருஷம். நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று, வேலைய விட்டு நிப்பாட்டுறது எல்லாம் இதுக்கு கீழ, ஆனா கீழ் பதவிங்களுக்கான அதிகாரத்த அமைச்சு செக்ரட்டரிமாருக்கும் திணைக்கள தலைவருங்களுக்கும் பகிர்ந்து குடுத்திருப்பாங்க. எம்.பி. கடிதம் இருந்தா வேலைன்னு நம்ம அப்பா காலத்துல இருந்து ஒரு நெனப்பு இருக்கில்ல, அது வானத்துல இருந்து விழல. 1972 அரசியலமைப்பு சுதந்திரமா இருந்த ஆணைக்குழுவ எடுத்துட்டு அந்த அதிகாரத்த அமைச்சரவைக்கு குடுத்துச்சு. 2001ல 17ஆவது திருத்தம் சுதந்திர ஆணைக்குழுவ திரும்ப கொண்டு வந்துச்சு, 2010ல 18 வந்து பல்ல புடுங்குச்சு, 2015ல 19 திரும்ப குடுத்துச்சு, 2020ல 20 மறுபடி பறிச்சுது, 2022ல 21 மறுபடி குடுத்துச்சு. இந்த இழுபறியில எந்த அதிகாரியும் யாருக்கு பயப்படணும்னு கணக்கு போட்டுத்தான் நடப்பான். இப்ப இருக்க சட்டப்படி ஆணைக்குழு முடிவுல தலையிட்டு அழுத்தம் குடுக்குறதே குத்தம்.

நிர்வாக சேவைக்கு எப்படி போறதுன்னு தம்பி தங்கச்சிங்க கேக்குறாங்க. 1963 மே மாசம் பழைய சிவில் சேவைய கலைச்சுட்டு உருவாக்குன சேவை அது. டிகிரி இருக்கவங்களுக்கு திறந்த போட்டிப் பரீட்சை, ஏற்கனவே அரசாங்கத்துல இருக்கவங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை, பரீட்சை திணைக்களம் நடத்தும், தமிழ்ல எழுதலாம். தரம் 3ல சேந்து உதவி பிரதேச செயலாளர் மாதிரி பதவியில தொடங்கி, வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, ரெண்டாவது அரச மொழி எல்லாம் பாஸ் பண்ணிக்கிட்டே தரம் 2, தரம் 1, விசேட தரம்னு போகணும். அறிவிப்பு எல்லாம் வெள்ளிக்கிழமை வர்ற கெசட்ல, வயசு எல்லையும் அதுல போட்டிருப்பாங்க. ஏ.எல். முடிச்சவங்க முகாமைத்துவ உத்தியோகத்தர், ஜீ.எஸ். பரீட்சைங்கள விடாதீங்க. பேஸ்புக்ல யாராவது ஷேர் பண்ணுவாங்கன்னு காத்திருந்தா முடிவு திகதி போயிரும், வாராவாரம் நீங்களே கெசட் சைட்ட பாருங்க.

நம்ம ஆக்கள் இந்த மேசைகள்ல கொறைவா இருக்கதுக்கு காரணம் படிப்பு மட்டும் இல்ல. 1948 பிரஜாவுரிமை சட்டத்துல நாடில்லாதவங்களாக்குனாங்க, பிரஜை இல்லன்னா அரசாங்க வேலை இல்ல. இந்தியாவோட செஞ்ச 1964 ஒப்பந்தம், 1988 சட்டம், கடைசியா 2003ல 35ஆம் இலக்க சட்டம்னு அந்தப் பிரச்சின தீரவே அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. மத்த ஊர்ல தாத்தா கிளார்க், அப்பா டீச்சர், புள்ள ஆபீசர்னு வர்றப்ப நம்ம வீட்டுல முதல் தலைமுறையே இப்பதான் வருது.

ஸ்டெப் 4: தமிழ்ல கேளுங்க, தமிழ்லயே பதில் வாங்குங்க

இத தனி ஸ்டெப்பா போடக் காரணம், இது உரிமை, சலுகை இல்ல. அரசியலமைப்பு 18ஆவது உறுப்புரையில தமிழும் அரச கரும மொழி, 22ஆவதுல நிர்வாக மொழி. சிங்களத்துல நிர்வாகம் நடக்குற எடத்துல கூட நீங்க தமிழ்ல எழுதி தமிழ்ல பதில் வாங்க ஏலும். நம்ம பக்கத்துக்கு இன்னும் ஒரு படி மேல இருக்கு: 1999ல நுவரெலியா மாவட்டத்துல அப்ப இருந்த 5 பிரதேச செயலகத்தையும் பதுளை மாவட்டத்துல சிலதையும் இருமொழி நிர்வாகப் பிரிவுன்னு கெசட் பண்ணிட்டாங்க, அதாவது பதிவேடே ரெண்டு மொழியிலயும் இருக்கணும்.

நடைமுறையில சிங்களத்துல மட்டும் கடிதம் வரும், போம் சிங்களத்துல மட்டும் இருக்கும், கவுன்டர்ல தமிழ் தெரிஞ்ச ஆள் "இன்னக்கி வரல". சண்டை போடாதீங்க. வந்த சிங்களக் கடிதத்த கொப்பி எடுத்து, "இத தமிழ்ல அனுப்பி வைங்க, 22ஆவது உறுப்புரைப்படி கேக்குறேன்"னு ரெண்டு வரி எழுதி திருப்பி அனுப்புங்க. அதுக்கும் பதில் இல்லன்னா அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு, 1991ஆம் வருஷத்து சட்டத்துல உருவான ஆணைக்குழு, இத பாக்கத்தான் அது இருக்கு. போன்ல முறையிட 1956ங்கிற நம்பர். தெரியாத பாஷையில இருக்க பேப்பர்ல மட்டும் தயவு செஞ்சு கையெழுத்து வைக்காதீங்க, யாரு அவசரப்படுத்துனாலும் சரி.

ஸ்டெப் 5: வாயால கேட்டது கேட்டதாவே ஆகாது

போனேன், கேட்டேன், வரச் சொன்னாங்க, திரும்பப் போனேன். இதுல எதுவுமே பைல்ல இல்ல. நாளைக்கு மேல முறையிட்டா "அப்படி யாரும் வரவே இல்லையே"ன்னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. அதனால ஒரு பக்கத்துக்குள்ள ஒரு கடிதம். மேல உங்க பேரு, ஐடென்டி நம்பர், விலாசம், போன். பதவிக்கு எழுதுங்க, ஆளோட பேருக்கு எழுதாதீங்க, ஏன்னா அந்த ஆளுக்கு ட்ரான்ஸ்பர் வந்துரும், பதவி அங்கயே இருக்கும். என்ன வேணும்ங்கிறத முதல் வரியிலயே போடுங்க, "எனது தந்தையாரின் காலத்திலிருந்து"ன்னு கதை ஆரம்பிச்சா வாசிக்கிற கிளார்க் மூணாவது வரியில கொட்டாவி விடுவார். ஒரு கடிதத்துல ஒரு விஷயம் மட்டும். ரோடும் தண்ணியும் அஸ்வெசுமவும் ஒண்ணா எழுதுனா மூணு சப்ஜெக்ட்டுக்கும் நடுவுல விழுந்துரும்.

கையால குடுத்தா ரெண்டு கொப்பி, ஒண்ணுல திகதி சீல் அடிச்சு வாங்குங்க. சீல் அடிக்க மாட்டேன்னா ரெஜிஸ்டர் தபால்ல போட்டு அந்தத் துண்ட பத்திரமா வைங்க. தோட்டத்து ஆக்களுக்கு இங்க ஒரு பெரிய ஓட்டை இருக்கு, நம்ம லயத்துக்கு தனி விலாசம் இல்லாததால தபால் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும், அங்க இருந்து கைக்கு வர்றதுக்குள்ள நேர்முகத் தேர்வு திகதியே முடிஞ்ச கதை எத்தனயோ. டவுன்ல நம்பிக்கையான ஒரு கடை விலாசமோ சொந்தக்காரர் வீட்டு விலாசமோ குடுங்க, ஈமெயிலும் சேத்து எழுதுங்க.

அந்தந்த ஆபீஸ் வாசல்ல பிரஜைகள் சாசனம்னு ஒரு போர்ட் இருக்கும், எந்த சேவைக்கு என்ன பேப்பர் வேணும், எத்தன நாள், எவ்ளோ காசுன்னு. போட்டோ எடுத்து வச்சிக்கோங்க. அதுல 3 நாள்னு இருந்து மூணு வாரம் ஆச்சுன்னா உங்க அடுத்த கடிதத்துக்கு அந்த போர்டே போதும்.

ஸ்டெப் 6: ஆர்.டி.ஐ.

என் கணக்குல சாதாரண ஆள் கையில இருக்க ஆயுதங்கள்ல இதுக்கு மேல ஒண்ணு கெடையாது. 2016ஆம் வருஷத்து 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3ல இருந்து நடைமுறை. நாட்டுப் பிரஜை யாரும் எந்த அரசாங்க ஆபீஸ்லயும், பிரதேச சபையிலயும் கூட, கைவசம் இருக்க தகவல கேக்கலாம். ஏன் கேக்குறீங்கன்னு அவங்க கேக்கக் கூடாது. எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னா அத எழுதிக் குடுத்து உதவுறது தகவல் உத்தியோகத்தர் கடமை.

ஒவ்வொரு ஆபீஸ்லயும் தகவல் உத்தியோகத்தர் ஒருத்தர் இருக்கணும். அவருக்கு எழுதுனா வாங்குனதுக்கு பற்றுச்சீட்டு தரணும், 14 வேலை நாளைக்குள்ள தர்றமா இல்லையான்னு முடிவு சொல்லணும். உயிர், தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்ட விஷயம்னா 48 மணித்தியாலம். தரலன்னா, இல்லன்னா அரையும் கொறையுமா தந்தா, 14 நாளைக்குள்ள அதே நிறுவனத்துல குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அவர் 3 வாரத்துல முடிவு சொல்லணும். அதுவும் சரி வரலன்னா 2 மாசத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அங்க லோயர் இல்லாம நீங்களே பேசலாம்.

கேக்குற விதத்துலதான் எல்லாம் இருக்கு. "எங்க ரோட்ட ஏன் போடல"ன்னு கேட்டா அது கேள்வி, தகவல் இல்ல, நழுவிருவாங்க. இப்படி கேளுங்க: இந்த வருஷம் எங்க பிரிவுக்கு வீதி வேலைக்கு ஒதுக்குன தொகை எவ்ளோ, எந்தெந்த ரோட்டுக்கு, கொந்தராத்து யாருக்கு, எந்தத் திகதியில எவ்ளோ கட்டுனீங்க, வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்து வச்ச அதிகாரியோட பதவி என்ன, அந்த சான்றோட கொப்பி. வீடமைப்புன்னா பயனாளி தெரிவு செஞ்ச கூட்டத்து அறிக்கை, தெரிவுக்கு வச்ச புள்ளி முறை. உங்க சொந்த விண்ணப்பம்னா, என் விண்ணப்பம் இன்னக்கி வரைக்கும் எந்தெந்த மேசைக்கு எந்தெந்தத் திகதியில போச்சு, அதுல எழுதுன குறிப்புகளோட கொப்பி. இந்தக் கடைசிக் கேள்விய போட்டாலே பதில் வர முன்னாடி வேலை முடிஞ்ச கதைங்க உண்டு, ஏன்னா பைல் ஒரே மேசையில ஆறு மாசம் தூங்குனத எழுத்துல ஒத்துக்க எந்த கிளார்க்குக்கும் விருப்பம் இருக்காது.

ஸ்டெப் 7: மேல எங்க போறது

எல்லாத்தையும் ஜனாதிபதிக்கு எழுதுற பழக்கம் நமக்கு இருக்கு. எழுதலாம், தப்பில்ல, ஆனா பெரும்பாலும் அது சுத்திக்கிட்டு வந்து அதே பிரதேச செயலகத்துக்கே "தேவையான நடவடிக்கைக்காக"ன்னு வந்து சேரும். அதனால விஷயத்துக்கு ஏத்த கதவ தட்டுங்க.

அதிகாரி அநியாயமா நடத்துனார், தாமதிச்சார், ஒருதலைப்பட்சமா முடிவெடுத்தார்னா ஒம்புட்ஸ்மன், அதாவது நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர். 1981 சட்டத்துல வந்தது, 1994 திருத்தத்துக்கு பொறகு எம்.பி. வழியா போகத் தேவையில்ல, நேரா எழுதலாம். அவர் சிபாரிசுதான் செய்வார், கட்டாயப்படுத்த ஏலாது, அது பெரிய கொறைதான். எம்.பி. வழியா போகணும்னா பாராளுமன்றத்து பொதுமனுக்கள் குழு இருக்கு, எம்.பி.ய வேலை வாங்கித் தரச் சொல்லாம இந்த மனுவ சமர்ப்பிக்கச் சொல்லுங்க, அது அவரோட வேலை.

லஞ்சம் கேட்டா 1954ங்கிற போன் நம்பர், லஞ்ச ஊழல் ஆணைக்குழு. 2023ஆம் வருஷத்து 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்கு கீழ இயங்குது. "சந்தோஷத்துக்கு ஏதாவது"ன்னு கேட்டாலும் அது லஞ்சம்தான், குடுக்குறதும் குத்தம்தான், அதனால குடுக்க முன்னாடி கூப்பிடுங்க, குடுத்துட்டு இல்ல. பொலிஸ்காரருக்கு எதிரான முறைப்பாடு தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு.

அரசாங்கக் காசு விஷயம்னா கணக்காய்வாளர் நாயகம், நம்ம வாயில ஓடிட். 2018ஆம் வருஷத்து 19ஆம் இலக்க சட்டம் அவருக்கு கூடுதல் பலம் குடுத்துச்சு. அமைச்சு செக்ரட்டரிதான் அந்த அமைச்சு காசுக்கு பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர், அவரத்தான் பாராளுமன்றத்துல கோபா குழு (அரசாங்க கணக்குகள் பத்தின குழு) கூப்பிட்டு கேள்வி கேக்குது, கூட்டுத்தாபனம் சபை மாதிரி எடங்கள கோப் குழு பாக்கும். இது தனி ஆளோட பிரச்சினைய தீர்க்காது. ஆனா உங்க பிரதேச சபையோட ஓடிட் அறிக்கைய எடுத்து வாசிங்க, போன வருஷம் எந்த வேலைக்கு கணக்கு காட்டல, எந்த மெஷின் வாங்கி சும்மா கெடக்குன்னு அவங்களே எழுதி வச்சிருப்பாங்க. சபை உறுப்பினர்கிட்ட பேச இத விட ஒரு பேப்பர் தேவையில்ல. அரசாங்க சேவை பத்தி பொதுவா என்ன விவரம் வேணும்னாலும் 1919 நம்பருக்கு எடுங்க, மூணு மொழியிலயும் பேசலாம்.

உரிமை மீறல்னா, உதாரணமா ஒரே தகுதி இருந்தும் இனத்த மொழிய வச்சு தள்ளுனாங்கன்னா, அது அரசியலமைப்புல 12ஆவது உறுப்புரை, சமத்துவம். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போடலாம், ஆனா சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள. நம்ம ஆக்கள் நெறைய பேர் தோக்குறது இங்கதான், யூனியன்ல சொல்லி, எம்.பி.ய பாத்து, ரெண்டு மூணு தடவ கச்சேரிக்கு போய் வர்றதுக்குள்ள அந்த மாசம் முடிஞ்சிரும். அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்துட்டா, 1996ஆம் வருஷத்து சட்டப்படி அங்க விசாரணை நடக்குற காலத்த அந்த ஒரு மாசக் கணக்குல சேக்க மாட்டாங்க. கண்டியிலயும் பதுளையிலயும் ஆணைக்குழுவோட பிராந்திய ஆபீஸ் இருக்கு, தமிழ்ல எழுதலாம், காசு இல்ல. லோயருக்கு வழியில்லன்னா பக்கத்து கோட்ஸ்ல இருக்க சட்ட உதவி ஆணைக்குழு ஆபீசுக்கு போங்க. போறப்ப சீல் அடிச்ச கொப்பி, ரெஜிஸ்டர் துண்டு, பைல் நம்பர், ஆர்.டி.ஐ. பதில் எல்லாத்தையும் திகதி வரிசைப்படி அடுக்கி எடுத்துட்டு போங்க, முக்கியமா சம்பவம் நடந்த திகதிய மேல பெருசா எழுதி வைங்க, அவங்க முதல்ல கேக்குறது அதத்தான்.